முதல் மருந்துக்கடையில் பில்லிங் மென்பொருளை இறக்கும் முன் எவை முடிந்திருக்க வேண்டும்?

ஈரோட்டு நிரலர் கேட்டது:

வணக்கம். சில்லறை மருந்துக்கடைகளுக்கு ஒரு பில்லிங் மென்பொருள் எழுதியிருக்கிறேன். பகலில் வேறு வேலை, இதற்கு இரவு ஒன்பதுக்கு மேல்தான் நேரம். அதனால் இரண்டு வருடம் ஆகிவிட்டது. கூட்டாளி என் மச்சான். மருந்து விநியோகத்தில் பத்து வருடம் இருந்தவர். பவானி, கோபி பக்கத்துக் கடைக்காரர்கள் அவருக்கு நல்ல பழக்கம். அவர்களில் மூன்று பேர் "கொண்டு வாங்க, போட்டுப் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டார்கள். ஏப்ரல் 1-ஆம் தேதி மூன்று கடையிலும் ஒரே நாளில் இறக்கிவிடலாம் என்பது மச்சானின் திட்டம்.

கொள்முதல் பதிவு, பேட்ச் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) வாரியாக இருப்பு, விற்பனைப் பில், எக்ஸ்பைரி எச்சரிக்கை, மாத ஜிஎஸ்டி அறிக்கை எல்லாம் ஓடுகின்றன. இன்னும் செய்யாதவற்றை ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். நேற்று எண்ணினேன், 41. வாட்ஸ்அப்பில் பில் அனுப்புவது, முதலாளி வீட்டிலிருந்தே விற்பனையைப் பார்க்க ஒரு செயலி, தமிழில் பில், வாடிக்கையாளர் புள்ளிகள், ஸ்டாக்கிஸ்ட் (மொத்த மருந்து வியாபாரி) அனுப்பும் கோப்பிலிருந்து கொள்முதலை நேரடியாக ஏற்றுவது, காலாவதிச் சரக்கைத் திருப்பி அனுப்பும் பதிவு, எச்1 பதிவேடு (டாக்டர் சீட்டுக்கு மட்டும் கொடுக்க வேண்டிய, தனியாகக் கணக்கு வைக்க வேண்டிய சில மருந்துகளுக்கு), இரண்டு கவுன்டரில் ஒரே நேரத்தில் பில், பேக்கப், பழைய மென்பொருளிலிருந்து சரக்குப் பட்டியலை எடுப்பது, இப்படிப் போகிறது.

"பில் வந்தால் போதும், மீதியைப் போகப் போகப் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார் மச்சான். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் 41-ஐயும் முடித்துவிட்டுத்தான் போவேன் என்று உட்கார்ந்தால் இன்னொரு வருடம் ஓடிவிடும், அந்த மூன்று பேரும் வேறு எதையாவது வாங்கிவிடுவார்கள். எதை வைத்துப் பிரிப்பது? கடைகளில் நிறுவி அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். மருந்துக்கடை வைத்திருப்பவர்கள் இருந்தால் இன்னும் நல்லது.


கும்பகோணம் மருந்துக்கடைக்காரர்:

தம்பி, 22 வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். இப்போது ஓடுவது மூன்றாவது மென்பொருள்.

எங்களுக்கு வியாபாரம் சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பதரை வரைதான். பக்கத்து டாக்டர்கள் உட்காரும் நேரம் அது. கவுன்டரில் எட்டுப் பேர் சீட்டை நீட்டிக்கொண்டு நிற்பார்கள், குழந்தை அழும், ஒருவர் பஸ்ஸுக்கு அவசரம் என்பார். அந்த நேரத்தில் மூன்று எழுத்து அடித்தால் மருந்து வர வேண்டும். மௌஸைத் தொடவே கூடாது. என் பையன்கள் திரையைப் பார்க்காமலே பில் போடுவார்கள், விரல் பழக்கம் அப்படி. உங்கள் மென்பொருளில் சேமிக்கும் விசை வேறாக இருந்தால் முதல் வாரமே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். நான் சொல்லிக்கூடக் கேட்க மாட்டார்கள்.

எக்ஸ்பைரி முதலில் முடிகிற பேட்ச்சை மென்பொருள் தானாகக் காட்டட்டும், நல்லதுதான். ஆனால் கையில் எடுத்த அட்டை வேறு பேட்ச்சாக இருந்தால் அதை மாற்ற ஒரே விசையில் வழி வேண்டும். இல்லாவிட்டால் கணினியில் ஒரு பேட்ச் தீரும், ரேக்கில் வேறொன்று தீரும். ஆறு மாதம் கழித்துக் காலாவதிச் சரக்கைத் திருப்ப எடுத்தால் எதுவும் பொருந்தாது.

எச்1 கட்டாயம் வேண்டும். 2014 மார்ச் 1 முதல் அந்த விதி இருக்கிறது. சீட்டு எழுதிய டாக்டர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, எத்தனை கொடுத்தோம் என்று தனிப் பதிவேட்டில் எழுதி, மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். மருந்து ஆய்வாளர் வந்தால் கேட்கும் பதிவேடுகளில் அதுவும் ஒன்று.

புள்ளிகள் எல்லாம் எனக்கு வேண்டாம், முகம் பார்த்துத்தான் தள்ளுபடி கொடுக்கிறேன். தமிழ்ப் பில்லும் அவசரமில்லை. சீட்டில் மருந்துப் பெயர் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, கடைப் பெயர் மட்டும் தமிழில் இருந்தால் போதும்.


மதுரை சர்வீஸ் அக்கா:

தம்பி, நான் நிரல் எழுதுபவள் இல்லை. மதுரையில் 18 வருடமாகக் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் நிறுவிக் கொடுக்கிறேன். மென்பொருளை எழுதியவர்கள் ஊருக்குப் போன பிறகு கடைக்காரரின் போனை எடுக்கிறவள் நான். அந்த இடத்திலிருந்து சொல்கிறேன்.

உங்கள் நோட்டின் ஒவ்வொரு வரிக்கும் நேராக இதைக் கேட்டுப் பாருங்கள்: இது இல்லாமலோ தவறாகவோ ஒரு மாதம் ஓடிவிட்டால், அப்புறம் வந்து சரிசெய்ய முடியுமா? வாட்ஸ்அப் பில் இல்லாமல் ஒரு மாதம் ஓடினால் ஒன்றும் ஆகாது, அடுத்த மாதம் சேர்க்கலாம். முதலாளியின் செயலியும் அப்படியே. ஆனால் இருப்பை எந்த அலகில் வைக்கிறீர்கள் என்பது அப்படி இல்லை. அது ஒரு மாதம் தவறாக ஓடினால் இரண்டாயிரம் மூவாயிரம் பில்லுக்குள் தவறு புகுந்துவிடும். யாராலும் பின்னால் போய்த் திருத்த முடியாது.

இருப்பிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நான் பார்த்த சண்டைகளில் பாதி இதில்தான். 15 மாத்திரை அட்டை, வந்தவருக்கு வேண்டியது 4. இருப்பை அட்டைக் கணக்கில் வைத்திருந்தால் 0.2667 அட்டை கழியும். நாலு நாளில் 9.7333 என்றெல்லாம் திரையில் நிற்கும். கடைப் பையனுக்கு அது ஒரு எண்ணே இல்லை. மாத்திரைக் கணக்கில் முழு எண்ணாக வையுங்கள், காட்டும்போது "9 அட்டை 11 மாத்திரை" என்று பிரித்துக் காட்டுங்கள். விலையிலும் இதே வம்பு உண்டு. அட்டையின் எம்ஆர்பி 33.46 என்றால் மாத்திரைக்கு 2.2306 சொச்சம் வரும். அதை 2.24 என்று மேலே தள்ளி எடுத்துக்கொண்டால் 15 மாத்திரைக்கு 33.60 ஆகிறது. எம்ஆர்பிக்கு மேல் விற்றதாக ஆகிவிடும், அது சட்ட மீறல். மாத்திரை விலையை முன்கூட்டியே முழுமையாக்கி (ரவுண்டு செய்து) வைக்காதீர்கள். எண்ணிக்கையால் பெருக்கிய பிறகு கடைசியில் ஒரே முறை முழுமையாக்குங்கள், அதுவும் எம்ஆர்பியைத் தாண்டாதபடி.

அடுத்து வரி. 2025 செப்டம்பர் 22-ஆம் தேதியை நான் மறக்கவே மாட்டேன். பெரும்பாலான மருந்துகளுக்கு 12 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி அன்று 5 ஆனது, சில மருந்துகளுக்கு வரியே இல்லை என்றானது. 112 ரூபாய்க்கு விற்ற அட்டை 105 ஆக வேண்டும், ஆனால் ரேக்கில் இருக்கும் அட்டையில் அச்சாகியிருப்பது 112. நான் பார்க்கும் கடைகளில் ஒரு மென்பொருள் வரி விகிதத்தைச் சரக்குப் பட்டியலில் மட்டும் வைத்திருந்தது. இரவோடு இரவாக விகிதத்தை மாற்றினோம். காலையில் ஒருவர் ஆகஸ்டு மாதப் பில்லுக்கு நகல் கேட்டு வந்தார், மருத்துவச் செலவைத் திரும்பப் பெற அலுவலகத்தில் கொடுக்கவாம். மறு அச்சு எடுத்தால் அவர் பணம் கட்டிய பில் 5 சதவீதத்தில் வருகிறது! அவர் கையிலிருந்த பழைய பில்லில் 12. செப்டம்பர் 15-இல் வாங்கியதை 25-இல் திருப்பிக் கொண்டுவந்தவருக்கும் இதே கதைதான். அந்த மாதக் கணக்கை ஆடிட்டரோடு மூன்று இரவு உட்கார்ந்து கையால் பிரித்தோம். அதனால் சொல்கிறேன், விகிதத்துக்கு "எந்தத் தேதியிலிருந்து" என்ற கட்டம் வேண்டும். பில் போட்ட நொடியில் இருந்த விகிதமும் விலையும் பில்லுக்குள்ளேயே பதிவாகிவிட வேண்டும். அட்டையில் அச்சான விலையும் விற்கும் விலையும் தனித்தனிக் கட்டங்களாக இருக்க வேண்டும். இதைப் பிறகு சேர்ப்பது வீட்டைக் கட்டிவிட்டு அஸ்திவாரம் தோண்டுவது போல.

பில் எண்ணைப் பற்றி உங்களுக்கே தெரிந்திருக்கும். ஒரு நிதியாண்டுக்குள் தொடர்ச்சியாக, திரும்ப வராமல், 16 எழுத்துக்குள். ஆனால் "பில்லை அழி" என்று ஒரு பொத்தான் வைத்திருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். ரத்து மட்டும்தான் இருக்க வேண்டும், ரத்தான எண் ரத்து என்றே பட்டியலில் நிற்க வேண்டும். விற்பனையைக் காட்டிக் கொடுக்கும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை, அதில் எத்தனை ரத்து என்று தனி அட்டவணையே இருக்கிறது.

இனி சொல்வது கடைக்குள் நின்றால் மட்டும் தெரிவது. ஒரு கடையில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. இரவு கரன்ட் போய் வந்ததும் கணினியின் தேதி பல வருடம் பின்னால் போய்விட்டது. காலையில் கடை திறந்த பையன் கவனிக்கவில்லை. மதியம் வரை போட்ட பில் எல்லாம் பழைய தேதியில். அதைவிட மோசம், காலாவதியான மருந்து எல்லாம் அந்தக் கணினிக்கு நல்ல மருந்தாகத் தெரிந்தது. எச்சரிக்கையே வரவில்லை. நல்லவேளை, அங்கே இருந்த மருந்தாளுநர் அம்மா அட்டையைத் திருப்பிப் பார்க்காமல் கையில் கொடுக்க மாட்டார். கடைசிப் பில்லின் தேதியைவிடக் கணினித் தேதி பின்னால் இருந்தால் பில் போடாமல் நின்று கேட்க வேண்டும். பத்து வரி நிரல்தான் இருக்கும். ஆனால் உங்கள் 41-இல் இது இருக்காது என்று நினைக்கிறேன்.

பேக்கப் அந்த நோட்டில் புள்ளிகளுக்கும் செயலிக்கும் நடுவில் நிற்பதைப் பார்த்ததும் எனக்குப் பதறியது. அது இல்லாமல் வாசல்படி தாண்டாதீர்கள். அதே கணினியின் டி டிரைவில் நகல் எடுப்பதை நான் பேக்கப் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். எடுத்த நகலை வேறொரு கணினியில் ஏற்றி, நேற்றைய கடைசிப் பில் வரை வருகிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். எத்தனை நிமிடம் ஆகிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள், கடைக்காரர் போனில் கேட்கப்போவது அதைத்தான்.

எச்1 விஷயத்தில் கும்பகோணம் அண்ணாச்சியோடு கொஞ்சம் வேறுபடுகிறேன். அந்தப் பதிவேடு கட்டாயம், சந்தேகமே இல்லை. ஆனால் கடையில் ஏற்கெனவே அது நோட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. அரைகுறையாகக் கணினிக்குக் கொண்டுவந்தால் நோட்டில் எழுதுவதையும் நிறுத்திவிடுவார்கள், அப்போது இரண்டிலும் ஓட்டை விழும். முதல் நாள் அது எச்1 மருந்து என்று பில் திரையில் சிவப்பாகக் காட்டினால் போதும், எழுதுவது நோட்டிலேயே தொடரட்டும். இந்த வழி இன்னும் சிலவற்றுக்கும் பொருந்தும். காகிதத்தில் இன்றைக்கு ஒழுங்காக நடப்பது இன்னும் இரண்டு மாதம் காகிதத்தில் நடக்கலாம்.

கடைசியாக ஒன்று. பட்டியலை வெட்டுவதற்கு முன்னால் கடையைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் மூன்று கடையில் எது ஒரே கவுன்டர் கடை? எது சாதாரண ஜிஎஸ்டி பதிவு? காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் திட்டம்) இருக்கும் கடை பில்லில் வரியைத் தனியாகக் காட்டவே கூடாது, அவர்களுக்கு வேறு வகைப் பில். எந்தக் கடையில் விண்டோஸ் 10-ஓ 11-ஓ இருக்கிறது? நல்ல கடையாக ஒன்றை எடுத்தால் இரண்டு கவுன்டர், காம்போசிஷன், பழைய விண்டோஸ் எல்லாம் ஒரே வீச்சில் நோட்டிலிருந்து பின்னுக்குப் போய்விடும்.


சென்னைச் சோதனைப் பொறியாளர்:

அக்கா சொன்ன பேக்கப் பேச்சுக்கு வலுச் சேர்க்கிறேன். 2017 ஜனவரி 31 அன்று நிரலர்கள் தங்கள் நிரலைச் சேமித்து வைக்கும் தளமான கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தளக் கோப்புறையை அழித்துவிட்டார். பேக்கப்புக்கும் நகலெடுப்புக்கும் ஐந்து வழிகள் வைத்திருந்தார்கள், ஒன்றும் நம்பும்படி வேலை செய்யவில்லை. தினமும் எடுக்க வேண்டிய பேக்கப், பதிப்பு பொருந்தாததால் பல நாளாகத் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் யாரோ எடுத்து வைத்திருந்த ஒரு நகல் காப்பாற்றியது. நடந்ததை அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள், அதற்காக அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. உங்கள் மென்பொருளில் "கடைசியாக வெற்றிகரமாக பேக்கப் ஆன நேரம்" முதல் திரையிலேயே தெரியட்டும். இரண்டு நாள் ஆகிவிட்டால் அந்த வரி சிவப்பாகட்டும்.

எந்தத் தரவுத்தளம் என்று நீங்கள் சொல்லவில்லை. இப்படித் தனியாக எழுதுபவர்கள் பெரும்பாலும் எஸ்க்யூலைட் எடுப்பார்கள். அதுவாக இருந்தால் இரண்டு கவுன்டருக்காக அந்தக் கோப்பை நெட்வொர்க் கோப்புறையில் வைத்துப் பகிராதீர்கள், கோப்பு கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. இரண்டாவது, வேகத்துக்காக வால் முறையும் (மாற்றங்களை முதலில் தனிக் கோப்பில் எழுதுவது) சிங்க்ரனஸ் நார்மலும் (ஒவ்வொரு பதிவும் வட்டில் ஏறியதை உறுதிசெய்யக் காத்திருக்காத அமைப்பு) வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அந்தச் சேர்க்கையில் கரன்ட் போனால் கோப்பு கெடாது, ஆனால் கடைசியாகச் சேமித்த சில பதிவுகள் காணாமல் போகலாம். பில் கடைக்கு இது ஆகாது. பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே 20 முறை பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். மடிக்கணினியில் செய்தால் பேட்டரியையும் கழற்றிவிட்டுச் செய்யுங்கள்.

பின்னாளில் புதிய பதிப்புகளை அனுப்புவதற்கான வழி முதல் நாளே இருக்க வேண்டும் என்பது என் கருத்து. 2012 ஆகஸ்டு 1-இல் நைட் கேப்பிடல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம் எட்டு சர்வர்களில் ஏழில் மட்டும் புதிய நிரலை ஏற்றியது. எட்டாவதில் பழசு கிடந்தது. 45 நிமிடத்தில் 40 கோடி டாலருக்கு மேல் போய்விட்டது. உங்கள் அளவு சின்னதுதான், ஆனால் நாளைக்கு இரண்டு கவுன்டர் வரும்போது ஒன்றில் புதுசு, ஒன்றில் பழசு என்று ஓடத்தான் செய்யும். தரவுத்தளத்தில் ஒரு பதிப்பு எண் வையுங்கள், பொருந்தாவிட்டால் மென்பொருள் திறக்கவே கூடாது. திரை மூலையிலும் அந்த எண் பெரிதாக இருக்கட்டும், போனில் கேட்டால் பையன் படித்துச் சொல்வான்.


ஈரோட்டு நிரலர்:

எல்லோருக்கும் நன்றி. அக்கா சொன்னபடி நேற்று இரவு 41-ஐயும் ஒரு மாதக் கேள்வியை வைத்துப் பிரித்தேன். உடனே முடிக்க வேண்டியவை 9 வந்தன, நோட்டிலேயே இல்லாமல் நீங்கள் சொல்லிச் சேர்ந்தவை 6. மொத்தம் 15. தேதி பின்னால் போவது, விற்கும் விலையைத் தனியாக வைப்பது, ரத்துப் பில், இவை எதுவும் என் நோட்டில் இல்லை. இருப்பை நான் அட்டைக் கணக்கில்தான் வைத்திருந்தேன். அதை மாற்றுவது பெரிய வேலை, ஆனால் இப்போதே செய்கிறேன். எஸ்க்யூலைட்தான், நீங்கள் சொன்ன நார்மல் அமைப்பேதான்.

இன்னும் மூன்று சந்தேகம். ஏப்ரல் 1 சரியான தேதியா? பழைய மென்பொருளோடு சேர்த்து ஒரு வாரம் இரண்டிலும் பில் போடச் சொல்லலாமா? முதல் கடைக்கு இலவசமாகக் கொடுக்கலாமா?


கும்பகோணம் மருந்துக்கடைக்காரர்:

இரண்டிலும் பில் போடச் சொன்னால் எந்தக் கடையிலும் நடக்காது தம்பி. முதல் நாள் பத்து பில் போடுவார்கள், சாயங்காலம் நிறுத்திவிடுவார்கள்.

ஏப்ரல் 1 எனக்குச் சரியாகத்தான் படுகிறது. மார்ச் 31 இரவு எப்படியும் சரக்கை எண்ணுவோம். புது வருடம், புது பில் எண். எண்ணிய இருப்பை அப்படியே ஏற்றிவிடலாம். பழைய மென்பொருளின் இருப்பை மட்டும் நம்பி எடுக்காதீர்கள். போன முறை நான் மாறியபோது அப்படித்தான் செய்தார்கள். ரேக்கில் இல்லாத நானூறு பேட்ச் கணினியில் வந்து உட்கார்ந்தது. இருக்கிறது என்று நம்பி ஒரு சர்க்கரை நோயாளியைக் காத்திருக்க வைத்து, கடைசியில் இன்சுலின் இல்லை என்று அனுப்பினேன். அந்த அம்மா முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

எச்1 நோட்டிலேயே ஓடட்டும் என்று அக்கா சொன்னது சரி. ஒத்துக்கொள்கிறேன்.


மதுரை சர்வீஸ் அக்கா:

அண்ணாச்சி சொன்ன காரணம் நல்ல காரணம். ஆனால் மூன்று கடை ஒரே நாளில் வேண்டவே வேண்டாம். நீங்கள் ஒரே ஆள், பகலில் வேலை வேறு. காலை பத்துக்குக் கோபியில் பிரின்டர் ஓடவில்லை என்றால் பவானிக் கடையில் யார் நிற்பது? ஏப்ரல் 1-இல் ஒரு கடை மட்டும். அந்த வாரம் முழுக்க விடுப்பு எடுத்துக்கொண்டு கவுன்டருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்காருங்கள். இரண்டாவது கடை மே மாதம் போதும்.

இரண்டிலும் பில் போடுவதற்குப் பதிலாக நான் செய்யும் ஒரு வழி சொல்கிறேன். அந்தக் கடையின் ஒரு வாரப் பில் நகல்களைக் கேட்டு வாங்குங்கள், நோயாளி பெயரையும் டாக்டர் பெயரையும் மறைத்துவிட்டு. இரவில் நீங்களும் மச்சானும் அத்தனையையும் உங்கள் மென்பொருளில் போடுங்கள். நாள் மொத்தம், வரி, மருந்து வாரியாகக் கழிந்த இருப்பு மூன்றும் அவர்கள் கணக்கோடு காசு சுத்தமாகப் பொருந்த வேண்டும். ஐம்பது காசு இடித்தாலும் விடாதீர்கள். அந்த ஐம்பது காசுக்குப் பின்னால் முழுமையாக்குவதில் ஒரு தவறு இருக்கும். இதில் இன்னொரு நன்மை, ஐந்நூறு பில் போட்டு முடிக்கும்போது எந்த விசை எரிச்சலூட்டுகிறது என்று உங்கள் விரலுக்கே தெரிந்துவிடும்.

இலவசம் வேண்டாம். குறைவாக வாங்குங்கள், ஆனால் வாங்குங்கள். சும்மா கொடுத்தால் குறை சொல்ல அவர்களுக்குக் கூச்சமாக இருக்கும், மனதுக்குள் வைத்துக்கொண்டு ஒரு நாள் பழையதற்கே போய்விடுவார்கள். காசு கொடுத்தவர் இரவு பத்துக்கும் போன் செய்து திட்டுவார், முதல் மூன்று மாதம் உங்களுக்கு அதுதான் வேண்டும். அந்த போனை எடுக்க உங்களைத் தவிர இன்னொருவர் பெயரும் கடைச் சுவரில் ஒட்டியிருக்கட்டும், மச்சான் பெயராக இருந்தாலும் சரி. கூடவே ஒரு அச்சடித்த பில் புத்தகம், தனி எண் வரிசையோடு, கல்லாவுக்குக் கீழே. கணினி படுத்துவிட்டால் கையால் எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு அதைப் பதிவு செய்ய ஒரு திரை. இந்தத் திரையும் உங்கள் 15-க்குள் வந்தாக வேண்டும்.

உரிமத்தைச் சரிபார்க்க உங்கள் சர்வரைக் கேட்கும்படி எழுதியிருக்கிறீர்களா? இன்டர்நெட் இல்லாவிட்டாலும் குறைந்தது ஒரு மாதம் பில் ஓட வேண்டும். காய்ச்சலோடு நிற்கும் குழந்தைக்கு மருந்து கொடுக்க முடியாமல் "உரிமம் சரிபார்க்கப்படுகிறது" என்று திரையில் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.


ஈரோட்டு நிரலர்:

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன்.

பிளக்கை 20 முறை பிடுங்கினேன். 6-ஆவது முறையும் 14-ஆவது முறையும் பில் கையில் அச்சாகி இருந்தது, கணினியில் இல்லை. மறுபடி திறந்து அடுத்த பில் போட்டால் அதே எண்ணில் இன்னொரு பில் வந்தது. பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். இது கோபி கடையில் ஏப்ரல் மாதம் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மச்சானிடம் அந்த இரண்டு பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அதற்குப் பிறகு அவர் தேதி பற்றிப் பேசவில்லை. சிங்க்ரனஸை ஃபுல்லுக்கு மாற்றி, பதிவு முடிந்தது உறுதியான பிறகுதான் பிரின்டருக்குப் போகும்படி வரிசையையும் திருத்தினேன். மறுபடி 20 முறை பிடுங்கினேன், எல்லாம் இருந்தன. பில் அச்சாவது கொஞ்சம் தாமதமானதாகக் கண்ணுக்குத் தெரியவில்லை.

இருப்பை மாத்திரைக் கணக்குக்கு மாற்றிவிட்டேன். ஐந்து இரவு ஆனது. உரிமச் சரிபார்ப்பு நான் எழுதியபடி மூன்று நாளில் பூட்டிக்கொள்ளும், அதை 45 நாளாக்கினேன்.

பேக்கப்பை மாமனார் வீட்டுப் பழைய கணினியில் ஏற்றிப் பார்க்கப் போனேன். மென்பொருளே நிறுவவில்லை. அது விண்டோஸ் 7, நான் மென்பொருளை எழுதப் பயன்படுத்தும் எலக்ட்ரான் என்ற கருவியின் பதிப்பு அதில் ஓடாத அளவுக்குப் புதியது. விண்டோஸ் 7-இல் ஓடும் கடைசி எலக்ட்ரான் 22 என்று அப்புறம்தான் பார்த்தேன். பவானியில் ஒரு கடையில் அதே விண்டோஸ் 7 இருப்பதாக மச்சான் சொன்னார், ஆகவே அந்தக் கடை இப்போதைக்கு இல்லை. வேறொரு கணினியில் ஏற்றினேன், கடைசிப் பில் வரை வந்தது, 35 நிமிடம் ஆனது. பாதி நேரம் விண்டோஸ் காட்டிய "அறியப்படாத வெளியீட்டாளர்" எச்சரிக்கையைத் தாண்டுவதிலும் பிரின்டர் அமைப்பதிலும் போனது. மென்பொருள் யாருடையது என்று விண்டோஸுக்குக் காட்டும் கையொப்பச் சான்றிதழ் வாங்க வேண்டும், 16-ஆவதாக எழுதிக்கொண்டேன்.

கோபியில் ஒரே கவுன்டர் கடையைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். அவர் ஒரு வாரப் பில் நகலைக் கொடுத்துவிட்டார், 612 பில். நேற்று வரை 340 போட்டாயிற்று. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் காசு சுத்தமாகப் பொருந்தின. புதன் 1 ரூபாய் 12 காசு இடிக்கிறது. லூஸ் மாத்திரை திரும்ப வந்த பில்களில்தான் எங்கோ இருக்கிறது என்று தோன்றுகிறது. இன்று இரவு அந்தப் பில்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கப்போகிறேன்.